நாற்பது வயதில் நாக்குக்குப் பரீட்சை

இரவு மணி 11. மாமல்லபுரம் சாலையில் வண்டிகள் குறைந்துவிட்டன. கடற்கரை ஓட்டல் ஒன்றில் கடைசி மேஜையைத் துடைத்துவிட்டு, சர்வர் ஒருவர் வீட்டுக்குப் புறப்படுகிறார். வீடு செங்கல்பட்டுப் பக்கம். போய்ச் சேரும்போது மனைவியும் பிள்ளைகளும் தூங்கிவிட்டார்கள். மூடி வைத்திருந்த சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, மகன் படிக்கும் மேஜையில் உட்காருகிறார். ஒரு புத்தகத்தைத் திறக்கிறார்.

என்ன புத்தகம்? ஒயின் பற்றிய பாடப் புத்தகம்!

இப்படி ஒருவரை நினைத்துப் பாருங்கள். வயது நாற்பது. பள்ளிக்கூடத்தை விட்டு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. மகன் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படிக்கிறான். அப்பாவும் ஒரு பரீட்சைக்குப் படிக்கிறார். அதில் தேறினால் மேஜை துடைக்கும் வேலையிலிருந்து மேலே போகலாம். சம்பளம் உயரலாம். தவறினால் கட்டிய பணம் போச்சு.

"குடிப்பதற்குக்கூடவா ஒரு படிப்பு?" என்று வீட்டில் உள்ள பாட்டி கேட்பாள். நியாயமான கேள்விதான். குடியால் கெட்ட குடும்பங்களைப் பார்த்த பாட்டி அப்படித்தான் கேட்பாள். அவளுக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் மேலே போகவேண்டும்.

இது குடிக்கும் படிப்பு அல்ல, துப்பும் படிப்பு!

வகுப்பில் ஒவ்வொரு மாணவர் முன்னாலும் கண்ணாடிக் கிண்ணங்கள் இருக்கும். பக்கத்தில் துப்புவதற்கு ஒரு பாத்திரம் இருக்கும். கிண்ணத்தில் ஊற்றுவது சில மடக்குதான். முதலில் நிறத்தைப் பார்க்கவேண்டும். பிறகு முகர்ந்து பார்க்கவேண்டும். பிறகு ஒரு வாய் எடுத்து, நாக்கு முழுவதும் படும்படி உருட்டி, துப்பிவிடவேண்டும். உணர்ந்ததை உடனே நோட்டில் எழுதவேண்டும். நீலகிரியில் தேயிலை ருசி பார்ப்பவர்களும் இப்படித்தான் செய்கிறார்கள். வரிசையாக வைத்த கோப்பைகளில் ஒவ்வொரு கரண்டியாக உறிஞ்சித் துப்பிக்கொண்டே போவார்கள். அத்தனையையும் விழுங்கினால் தேயிலையின் தரத்தைச் சொல்ல முடியுமா? முடியாது. இங்கேயும் அதே கதைதான்.

மதுவைத் தொடவே மாட்டேன் என்பவரும் இந்தப் படிப்பின் முதல் இரண்டு படிகளை முடிக்கலாம். அந்தப் பரீட்சைகளில் ருசி பார்க்கும் பகுதி கிடையாது.

லண்டனில் தொடங்கிய படிப்பு

உலகம் முழுவதும் அதிகம் பேர் படிப்பது, லண்டனில் உள்ள "ஒயின் அண்ட் ஸ்பிரிட் எஜுகேஷன் டிரஸ்ட்" என்ற அமைப்பின் பாடம். 1969-ம் ஆண்டில் தொடங்கிய அமைப்பு இது. சுருக்கமாக டபிள்யூ.எஸ்.இ.டி. என்பார்கள். மொத்தம் நான்கு படிகள்.

முதல் படி ஒரே நாள் வகுப்பு. 30 கேள்விகள். விடைகளைக் கொடுத்துவிடுவார்கள், சரியானதைக் குறிக்கவேண்டும். இரண்டாம் படியில் 50 கேள்விகள். நேரம் ஒரு மணி. மூன்றாம் படியில்தான் கஷ்டம் ஆரம்பிக்கிறது. விடையைச் சொந்தமாக எழுதவேண்டிய கேள்விகளும் வரும். அதோடு, இரண்டு ஒயின்களைப் பெயர் சொல்லாமல் வைப்பார்கள். அரை மணி நேரத்தில் ருசித்து, ஒவ்வொன்றைப் பற்றியும் எழுதித் தரவேண்டும். எழுத்துப் பரீட்சை, ருசிப் பரீட்சை இரண்டிலும் தனித்தனியாக 55 சதவீதம் வாங்கினால்தான் பாஸ். நான்காம் படி டிப்ளோமா. அதற்கு சுமார் 500 மணி நேரம் படிக்கவேண்டும் என்கிறார்கள்.

இதற்கும் மேலே ஒரு சிகரம் இருக்கிறது. "மாஸ்டர் ஆப் ஒயின்" என்ற பட்டம். இதற்கு முதல் பரீட்சை 1953-ம் ஆண்டு லண்டனில் நடந்தது. 21 பேர் எழுதினார்கள். 6 பேர்தான் தேறினார்கள்! இன்றைக்கும் அந்தப் பரீட்சையில் 36 ஒயின்களைப் பெயர் தெரியாமல் ருசித்து, என்ன திராட்சை, எந்த ஊர், என்ன தரம் என்று காரணத்தோடு எழுதவேண்டும்.

இந்தியர் ஒருவர் அந்தப் பட்டம் பெற 2016-ம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பெற்றவர் ஒரு பெண். மும்பையைச் சேர்ந்த சோனல் ஹாலண்ட். அவர் திராட்சைத் தோட்டத்தில் பிறந்தவர் அல்ல. வேறு துறையில் நல்ல வேலையில் இருந்தவர். முப்பது வயதைக் கடந்த பிறகு அந்த வேலையை விட்டுவிட்டு, முதல் படியிலிருந்து படிக்க ஆரம்பித்தார். பல ஆண்டுகள் படித்தார். வீட்டையும் கவனித்துக்கொண்டே படித்தார்.

"அவருக்கு வசதி இருந்தது, ஆங்கிலம் இருந்தது" என்று சொல்லலாம். உண்மைதான். கடற்கரை ஓட்டலில் தட்டு ஏந்துகிறவருக்கு அவை இரண்டும் இல்லை. ஆனால் அவரிடம் இருக்கும் ஒன்று லண்டன் மாணவரிடம் இல்லை.

துவர்ப்பு தெரிந்த நாக்கு

சிவப்பு ஒயினை வாயில் வைத்தால் ஈறு வறண்டு, நாக்கு இழுத்துப் பிடிக்கும். "டானின்" என்ற பொருளால் வரும் உணர்ச்சி அது. திராட்சையின் தோலிலும் விதையிலும் அது இருக்கிறது. மேல்நாட்டு மாணவர்கள் பலர் இதைக் கசப்போடு போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். இரண்டும் வேறு வேறு என்று அவர்களுக்கு வகுப்பில் விளக்கவேண்டியிருக்கிறது.

தமிழ்க் குழந்தைக்கு இதை யாரும் விளக்கவேண்டாம். கசப்பு என்றால் பாகற்காய். துவர்ப்பு என்றால் வாழைப்பூ, கொட்டைப்பாக்கு, கடுக்காய். அறுசுவையில் துவர்ப்புக்குத் தனி இடம் கொடுத்த மொழி நம்முடையது. நாவல் பழம் தின்றுவிட்டு நாக்கை நீட்டிக் காட்டாத பிள்ளை செங்கல்பட்டுப் பக்கம் உண்டா? வாயில் எச்சில் ஊறினால் புளிப்பு. வாய் வறண்டால் துவர்ப்பு. பாடப் புத்தகத்தில் ஒரு பக்கம் முழுவதும் சொல்லியிருப்பதை நம் பாட்டி ஒரே சொல்லில் சொல்லிவிட்டாள்.

வாசனையும் இப்படித்தான். "ஷிராஸ்" என்ற சிவப்பு ஒயினில் மிளகு வாசனை வரும் என்று புத்தகம் சொல்கிறது. அது கற்பனை அல்ல. 2008-ம் ஆண்டு ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் அந்த வாசனைக்குக் காரணமான பொருளைக் கண்டுபிடித்தார்கள். ரோடண்டோன் என்று அதற்குப் பெயர். நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் உள்ள மிளகிலும் இருப்பது அதே பொருள்தான்! ஓக் மரப் பீப்பாயில் ஊறிய ஒயினில் கிராம்பு வாசனை வரும். தேங்காய் வாசனையும் வரும். சில ஒயின்களில் "லிக்கரிஸ்" வாசனை இருக்கிறது என்று புத்தகத்தில் போட்டிருக்கும். அது என்னவோ என்று மிரளவேண்டாம். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் அதிமதுரம்தான் அது. இன்னொரு வெள்ளை ஒயினில் ரோஜா வாசனை தூக்கலாக இருக்கும். கல்யாண வீட்டு வாசலில் பன்னீர் தெளிக்கும்போது நின்றவருக்கு அது தெரியாதா?

ஒயின் எப்படி உண்டாகிறது என்ற அத்தியாயமும் இந்தக் கரைக்குப் புதிது அல்ல. ஈஸ்ட் என்ற நுண்ணுயிர் சர்க்கரையைத் தின்று சாராயச் சத்தாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர். தடவாமல் விட்டால் கள். பனைமரம் நிற்கும் ஊரில் பிறந்தவருக்கு இது பாலபாடம்.

ஆனால் ஒரு இடத்தில் ஏமாந்துபோக வழி இருக்கிறது. "கூஸ்பெர்ரி" என்று புத்தகத்தில் வரும். அகராதியைப் பார்த்தால் நெல்லிக்காய் என்று இருக்கும். இரண்டும் ஒன்று அல்ல! அது இங்கிலாந்தில் முள்செடியில் காய்க்கும் வேறு பழம். "பிளாக்கரண்ட்" என்பதும் நாவல் பழம் அல்ல. இவற்றைப் பார்த்தே இராதவர் என்ன செய்வது? அந்த ஒயினை முகரும்போது தன் மனதில் எழும் வாசனை எதுவோ, அதைத் தமிழில் ஓர் ஓரத்தில் எழுதிக்கொள்ளவேண்டும். பக்கத்திலேயே பரீட்சைக்கு வேண்டிய ஆங்கிலச் சொல்லையும் எழுதவேண்டும். நாளடைவில் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். மூக்கு தமிழில் படிக்கும். கை ஆங்கிலத்தில் எழுதும்.

மாமல்லபுரத்துச் சிற்பி கல்லைத் தட்டிப் பார்த்தே உள்ளே விரிசல் இருக்கிறதா என்று சொல்லிவிடுவார். காதால் கற்ற வித்தை அது. அந்த ஊரில் மூக்கால் ஒரு வித்தை கற்க முடியாது என்று சொன்னால் நம்பலாமா?

யவனர் இறக்கிய சாடி

ஒயின் என்பது வெள்ளைக்காரன் கொண்டுவந்த சரக்கு என்று நினைப்பவர்கள் உண்டு. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, பாலாறு கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வசவசமுத்திரம் என்ற ஊர் இருக்கிறது. 1970-ம் ஆண்டில் தமிழ்நாடு தொல்பொருள் துறையினர் அங்கே தோண்டினார்கள். உறைகிணறுகள் கிடைத்தன. இரண்டு கைப்பிடி வைத்த ரோமானியச் சாடிகளின் ஓடுகளும் கிடைத்தன. "ஆம்போரா" என்று அந்தச் சாடிகளுக்குப் பெயர். புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் 1945-ம் ஆண்டு மார்டிமர் வீலர் தோண்டியபோதும் இதே வகைச் சாடிகள் கிடைத்தன. எல்லாச் சாடியிலும் ஒயின் வந்ததாகச் சொல்ல முடியாது. ஆலிவ் எண்ணெயும், மீனில் செய்த ஒருவகைச் சாறும் அவற்றில் வந்தன. ஆனால் யவனர்கள் கலத்தில் கொண்டுவந்த மதுவைப் பற்றிப் புறநானூற்றிலேயே செய்தி இருக்கிறது.

சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் அந்தச் சாடியைத் திறந்து, சரக்கு கெட்டுப்போயிருக்கிறதா என்று முகர்ந்து பார்த்த ஆள் ஒருவர் இந்தக் கரையில் இருந்திருப்பார். அவருக்கு யாரும் சர்டிபிகேட் கொடுக்கவில்லை!

இன்றைக்கும் அந்த வேலைதான் முக்கியம். பெரிய ஓட்டல்களில் பாட்டிலைத் திறந்ததும், வாங்கியவர் கிண்ணத்தில் முதலில் கொஞ்சம் ஊற்றுவார்கள். படங்களில் பார்த்திருப்பீர்கள். அது பகட்டு அல்ல. தக்கையில் உண்டாகும் ஒரு கோளாறால் ஒயின் கெட்டு, நனைந்த அட்டைப்பெட்டி போல வாடை அடிக்கும். அதைச் சோதிக்கத்தான் அந்த முதல் வாய். சர்வருக்கு அந்த வாடை தெரிந்திருந்தால், மன்னிப்புக் கேட்டு வேறு பாட்டில் கொண்டுவருவார். தெரியாவிட்டால், "நல்ல ஒயின்தான் சார்" என்று சாதிப்பார். வந்தவர் மறுநாள் வேறு ஓட்டலுக்குப் போய்விடுவார்.

வருகிறவர்கள் கொஞ்சம் பேர் அல்ல. 2021-22-ம் ஆண்டில், கட்டணம் வாங்கும் மத்தியத் தொல்லியல் துறைச் சின்னங்களில் அதிக வெளிநாட்டார் வந்தது தாஜ்மகாலுக்கு அல்ல; மாமல்லபுரத்துக்குத்தான். 2022-ம் ஆண்டு செஸ் ஒலிம்பியாட் போட்டி நடந்ததும் இங்கேதான்.

மறைக்கக்கூடாத விஷயம்

இதையெல்லாம் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லவேண்டும். ஒயினிலும் இருப்பது அதே சாராயச் சத்துதான். எவ்வளவு குறைவாகக் குடித்தாலும் உடலுக்குப் பத்திரம் என்று சொல்ல முடியாது என்று 2023-ம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. துப்பினாலும் கொஞ்சம் உள்ளே போகத்தான் செய்யும். ஆகவே ருசிப் பாடம் முடிந்ததும் மோட்டார் சைக்கிளை எடுக்கக்கூடாது. பஸ்ஸில்தான் வீட்டுக்கு வரவேண்டும். அன்றாடம் ருசி பார்க்கும் தொழிலில் பழக்கம் ஒட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு. ஏற்கனவே குடியை விட்டு மீண்டவர் இந்தப் படிப்பின் பக்கமே போகாமல் இருப்பது நல்லது.

2023-ம் ஆண்டு மே மாதம், இதே செங்கல்பட்டு மாவட்டத்திலும் பக்கத்து விழுப்புரம் மாவட்டத்திலும் விஷச் சாராயம் குடித்து 20 பேருக்கு மேல் செத்தார்கள். அதில் இருந்தது மெத்தனால். கண்ணைக் குருடாக்கி உயிரைக் குடிக்கும் நஞ்சு. எத்தனை படி படித்த மூக்காக இருந்தாலும், சாராயத்தில் கலந்த மெத்தனாலை முகர்ந்து கண்டுபிடிக்க முடியாது. அதற்கு ரசாயனப் பரிசோதனைதான் வேண்டும். மூக்கைப் பழக்கும் படிப்பு எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று மாணவருக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

படித்த சர்வர் குடியைப் பெருக்குவார் என்று பயப்படத் தேவையில்லை. தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவருக்கு மது கொடுக்கக்கூடாது என்பது சட்டம். அதை அறிந்து, தள்ளாடுகிறவருக்கு மறுபடி ஊற்ற மறுப்பவர் வேண்டுமா? எவ்வளவு விற்றாலும் லாபம் என்று ஊற்றிக்கொண்டே இருப்பவர் வேண்டுமா?

யார் பணம் கட்டுவது?

இங்கேதான் சிக்கல். இரண்டாம் படிக்கே பல ஆயிரம் ரூபாய் ஆகிறது. மும்பை, டெல்லி, பெங்களூர் என்று பெரிய நகரங்களில்தான் வகுப்புகள் அதிகம். இன்டர்நெட் வழியாகப் படிக்கலாம் என்றாலும், ருசி பார்க்கும் பாட்டிலுக்குத் தனியாகப் பணம் வேண்டும். வெளிநாட்டு ஒயினுக்கு இந்தியாவில் நீண்ட காலமாக 150 சதவீதம் சுங்கவரி இருந்துவந்தது. நூறு ரூபாய்ச் சரக்கு கரை இறங்கும்போதே 250 ரூபாய்! மாநில வரி அதற்கு மேலே. மாதச் சம்பளக்காரர் ஒருவர் வகை வகையாக வாங்கிப் பழக முடியுமா?

சர்வர் படித்தால் லாபம் ஓட்டலுக்கும்தான். ஆகவே கட்டணத்தை ஓட்டல்காரர் ஏற்றுக்கொள்வதுதான் முறை. "படித்துவிட்டு வேறு ஓட்டலுக்குப் போய்விட்டால்?" என்று முதலாளிகள் கேட்கலாம். ஓராண்டு இரண்டாண்டு வேலை செய்யவேண்டும் என்று ஒப்பந்தம் போட்டுக்கொள்ளட்டும். படிக்காத ஆளை வைத்துக்கொண்டு வாடிக்கையை இழப்பதைவிட அது மலிவு. ஒரே கரையில் பல ஓட்டல்கள் இருக்கின்றன. அவை சேர்ந்து ஒரு பாட்டிலைத் திறந்தால் பத்துப் பன்னிரண்டு பேர் ருசி பார்த்துப் படிக்கலாம்.

தமிழில் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களும் வேண்டும். பரீட்சை ஆங்கிலத்தில் இருக்கட்டும். பாடம் தமிழில் நடந்தால் என்ன குடி முழுகிவிடும்? தரமணியில் மத்திய அரசின் ஓட்டல் நிர்வாகக் கல்லூரி 1963-ம் ஆண்டு முதல் இருக்கிறது. வேலையில் இருக்கும் பெரியவர்களுக்காக அதுபோன்ற கல்லூரிகள் இந்தக் கடற்கரையில் வாரம் ஒரு நாள் வகுப்பு நடத்தலாம். திங்கட்கிழமை மத்தியானம் ஓட்டல்களில் கூட்டம் குறைவு. அந்த நேரம் தோதானது.

பெரியவர்கள் படிக்கும் விதம் பிள்ளைகள் படிப்பதுபோல அல்ல. பக்கம் பக்கமாக மனப்பாடம் செய்தால் காலையில் மறந்துவிடும். ஆனால் கையில் பட்டது மறக்காது. இன்று ஒரு ஊர், ஒரு திராட்சை, ஒரு பாட்டில் என்று தெரிந்துகொண்டு, மறுநாள் புத்தகத்தைப் பார்க்காமல் அதைச் சொல்லிப் பார்க்கவேண்டும். மூன்று நாள் கழித்து மறுபடி சொல்லிப் பார்க்கவேண்டும். கேள்வி கேட்க வீட்டிலேயே ஆள் இருக்கிறது. மகனிடம் புத்தகத்தைக் கொடுத்து, "கேளுடா" என்று உட்காரலாம். "பர்கண்டி எந்த நாட்டில் இருக்கு, அப்பா?" என்று அவன் கேட்பான். பூகோளத்தில் அவனுக்கும் நாலு மார்க்குக் கூடும்.

மனைவியும் வாத்தியாராக வரலாம். கண்ணைக் கட்டிக்கொண்டு உட்காரவேண்டியது. அஞ்சறைப் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மூக்கருகில் நீட்டவேண்டியது. கிராம்பா, பட்டையா, ஏலக்காயா? காசு செலவில்லாத பயிற்சி. முதல் நாள் பத்துக்கு ஐந்து சரியாகச் சொன்னாலே பெரிது. நாம் தினமும் முகரும் வாசனைக்குப் பெயர் சொல்ல முடியாமல் திணறுவதை அப்போதுதான் தெரிந்துகொள்வோம்.

ருசிப் பரீட்சை நாளுக்கு மட்டும் சில கட்டுப்பாடுகள் உண்டு. சென்ட் பூசக்கூடாது. பல் துலக்கிய உடனே ருசி பார்க்கக்கூடாது. வெற்றிலை, புகையிலை கூடாது. பெண்கள் தலையில் மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு போனால், பக்கத்தில் இருப்பவருக்கு எந்த ஒயினும் மல்லிகையாகத்தான் மணக்கும்!